பாலமும் தண்ணீர்த் தாங்கியும் உள்ளுக்குள் பழுதா? அதிர்வை அளந்து கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் உள்ள சிறிய கொங்கிரீட் பாலங்களையும் உயரமான தண்ணீர்த் தாங்கிகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வாய்க்காலுக்கு மேலே பத்து, இருபது மீற்றர் நீளத்தில் கிடக்கும் பாலங்கள்தான் இங்கே அதிகம். பலவற்றுக்கு வரைபடம் கையில் கிடைக்காது. உள்ளே எத்தனை கம்பி, என்ன கலவை என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. பூச்சுப் பூசி வெள்ளையடித்த பிறகு ஷெல் பட்ட இடம் எது, படாத இடம் எது என்று கண்ணால் பிரித்தறியவும் முடியாது.

இப்படியான இடத்தில் அதிர்வு அளவீடு நல்ல துணை. ஒரு கட்டமைப்பின் இயற்கை மீடிறன், அதாவது தட்டிவிட்டால் அது தானாகச் செக்கனுக்கு எத்தனை தடவை ஆடும் என்ற எண், அதன் விறைப்பிலும் திணிவிலும் தங்கியிருக்கிறது. பழுது ஏற்பட்டால் விறைப்புக் குறையும், மீடிறனும் இறங்கும். கொள்கை இவ்வளவுதான், சாதாரண தரத்து விஞ்ஞானம் படித்தவருக்கே விளங்கும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது ஒப்பீட்டில். இன்றைய எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம், இரண்டும் ஒரே நிலைமையில் எடுக்கப்பட்டவையா என்று பார்க்காமலேயே "பாலம் பழுது" என்று எழுதிவிடுகிறார்கள். கீழே உள்ள ஒழுங்கு அந்தப் பிழையைத் தவிர்ப்பதற்காகவே.

1. அனுமதியும் பாதுகாப்பும்

முதலில் பாலம் யாருடையது என்று பாருங்கள். ஏ, பி தர வீதிகளில் உள்ளவை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்குரியவை. குளத்து அணைக்கட்டிலும் வாய்க்காலிலும் இருப்பவற்றுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தைக் கேட்க வேண்டியிருக்கும். கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள், கிராம அலுவலருக்கும் சொல்லிவிடுங்கள். பாலத்தில் யாரோ பெட்டியும் வயரும் பொருத்துகிறார்கள் என்றால் இங்கே ஆட்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

பாலத்தின் அடியில் இறங்குவதற்கு முன் அந்தக் கரை மிதிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அகற்றிய இடமானாலும் வெள்ளம் வந்து போனபின் கவனம் வேண்டும். தண்ணீர் மண்ணை அரித்துப் புதைந்தவற்றை வெளியே கொண்டுவரும், வேறிடத்துக்கும் இழுத்துச் செல்லும். சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி நடந்து பொலிசுக்கு அறிவியுங்கள். எந்த அளவீடும் ஒரு காலை விடப் பெரிதில்லை.

2. கருவிக்கு முன் கண்

பாலத்தை நடந்து பாருங்கள். வெடிப்பு எங்கே, எந்தத் திசையில், எவ்வளவு நீளம் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். துருக்கறை, கொங்கிரீட் உதிர்ந்து கம்பி தெரியும் இடம், தூணடியில் மண் அரித்த பள்ளம், தளத்தைத் தாங்கும் வளைக்கும் (பீமுக்கும்) தூணுக்கும் இடையில் உள்ள இறப்பர் தட்டின் நிலை எல்லாவற்றையும் குறியுங்கள்.

இது ஏன் முதலில்? அதிர்வு எண் "ஏதோ மாறியிருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும். என்ன மாறியது என்பதை இந்தத் தாள்தான் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் முடிவு.

அப்புறம், பக்கத்தில் குடியிருப்பவர்களோடு கதையுங்கள். பாலத்தடியில் கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர், "முந்தி டிப்பர் போனால் சத்தம் மட்டும்தான் வரும், இப்ப அலுமாரியில் கிளாஸ் ஆடுது" என்று எங்களுக்குச் சொன்னார். எந்தத் தூணைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதை அந்த ஒரு வசனத்தில்தான் தீர்மானித்தோம்.

3. என்ன கருவி வேண்டும்

கைபேசிக்குள் இருக்கும், ஆட்டத்தை அளக்கும் ஆர்முடுகல்மானி பழகுவதற்குப் போதும். ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலி இலவசம், தரவைக் கோப்பாகவும் தரும். ஆனால் வாகனம் போகும்போது வரும் பெரிய அதிர்வை மட்டும்தான் கைபேசி நம்பகமாகப் பிடிக்கும். வெறுமையாக இருக்கும் பாலத்தின் மெல்லிய அதிர்வு அதன் சொந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் எம்பியூ6050 என்ற ஆர்முடுகல் உணரிச் சில்லின் இரைச்சல், 50 ஹேர்ட்ஸ் அகலத்தில், ஈர்ப்பு ஆர்முடுகலின் ஆயிரத்தில் மூன்று பங்கு வரை வரும். ஏடிஎக்ஸ்எல்355 சில்லில் அது ஆயிரத்தில் 0.2 பங்குக்கும் குறைவு. வாகனம் இல்லாத சிறிய பாலம் ஆடுவதே ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்தான். அதனால் காசு செலவழிப்பதானால் கணினியில் செலவழிக்காதீர்கள், உணரியில் செலவழியுங்கள்.

இரண்டு உணரிகளாவது வேண்டும், இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். இவற்றோடு அளவு நாடா, கொங்கிரீட்டின் மேற்பரப்பு வெப்பநிலை பார்க்கும் வெப்பமானி, குறிப்புக் கொப்பி, பற்றரி. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. குடிசார் பொறியியல் படித்தவர் ஒருவரைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவு சொல்லும் நேரத்தில் அவரைத் தேடினால், எப்படி அளந்தீர்கள் என்று அவர் கேட்கும் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்காது.

4. விடையை முன்கூட்டியே மதிப்பிடுங்கள்

அளக்கப் போகுமுன் எத்தனை ஹேர்ட்ஸ் வரும் என்று ஒரு எண்ணை எழுதி வையுங்கள். இரு முனையிலும் தாங்கிய சாதாரணக் கொங்கிரீட் பாலத்துக்கு, நூறை மீற்றரில் உள்ள நீளத்தால் வகுத்தால் அண்ணளவான முதல் மீடிறன் கிடைக்கும். பாலம் பல விதமாக ஆடும், அவற்றில் மிக மெதுவானதன் மீடிறன்தான் முதலாவது. 10 மீற்றர் பாலத்துக்குப் பத்து ஹேர்ட்ஸ் அளவில் வரும், 20 மீற்றருக்கு ஐந்து அல்லது ஆறு.

இந்த எண் இல்லாமல் போனால், எந்த மீடிறனில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் வரைபில் தெரியும் முதல் உச்சியையே பாலம் என்று நம்பிவிடுவீர்கள். அது பக்கத்தில் ஓடும் தண்ணீர் மோட்டாராக இருக்கலாம்.

செக்கனுக்கு எத்தனை தடவை மாதிரி எடுப்பது என்பதும் இதிலிருந்தே வரும். சாதாரண வளையின் இரண்டாம் மீடிறன் முதலாவதைப் போல நான்கு மடங்கு. 10 மீற்றர் பாலத்தில் அது நாற்பது. கொள்கைப்படி அதன் இரு மடங்கு போதும், ஆனால் நடைமுறையில் நாங்கள் ஐந்து மடங்கு வைப்போம், அதாவது செக்கனுக்கு 200.

5. உணரியை எங்கே வைப்பது

புதியவர்கள் எல்லோரும் நேராகப் பாலத்தின் நடுவுக்குப் போய் வைப்பார்கள். முதல் அதிர்வு வடிவத்துக்கு, அதாவது முதல் மீடிறனில் பாலம் வளைந்தாடும் விதத்துக்கு, அது சரி, அங்கேதான் வீச்சம் அதிகம். ஆனால் இரண்டாம் வடிவத்துக்கு நடுப்பகுதி ஒரு கணு. அங்கே உணரி ஒன்றையும் காணாது.

அதனால் ஓர் உணரியைக் காற்பங்கு நீளத்தில் அசையாமல் வையுங்கள், அது அடிப்படை உணரி. மற்றதை நடு, முக்காற்பங்கு, முனை என்று ஒவ்வோர் இடமாக நகர்த்துங்கள். அடிப்படை உணரியோடு ஒப்பிடும்போது மற்ற இடங்கள் எந்த அளவில், எந்தப் பக்கமாக ஆடுகின்றன என்பதிலிருந்து வடிவம் கிடைக்கும்.

இரண்டு ஓரங்களிலும் எடுங்கள். பாலம் முறுக்கிக்கொண்டு ஆடும் வடிவம் ஓர் ஓரத்தில் மட்டும் அளந்தால் மேல்கீழ் ஆட்டம் போலவே தெரியும்.

நடுத்தூண் இருந்தால் அதன் தலையில், கிடையாக, வீதிக்குக் குறுக்குத் திசையில் ஒன்று வையுங்கள். இதைத் தவறவிடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளம் போல ஒன்று வந்தால் ஆபத்துத் தொடங்குவது தூணின் அடியில். மண் அரித்துப் போன தூண் கிடையாக இளகும். தளத்தின் மேல்கீழ் மீடிறன் அப்படியே இருக்க, தூணின் குறுக்கு மீடிறன் மட்டும் இறங்கும். தளத்தை மட்டும் அளந்தவர் "பாலம் நல்லது" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

6. எப்படிப் பொருத்துவது

உணரி பாலத்தோடு ஒன்றாக ஆட வேண்டும். மண்ணையும் தாரையும் சுரண்டி, துடைத்து, கொங்கிரீட்டிலேயே பொருத்துங்கள். பாரமான இரும்புத் தட்டில் திருகி, தட்டுக்கு அடியில் மெல்லிய மெழுகோ பசையோ வைத்தால் போதும்.

ஒரு தம்பி பஞ்சு வைத்த இருபக்க ஒட்டுநாடாவில் உணரியை ஒட்டினார். அழகான உச்சி ஒன்று வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த பாலத்திலும் அதே எண் வந்தபோதுதான் விளங்கியது, அரை நாளாக நாங்கள் அளந்தது பஞ்சின் அதிர்வை. கைப்பிடிக் கம்பியில் கட்டுவதும் இதே பிழைதான், கம்பிக்கென்று ஒரு மீடிறன் இருக்கிறது.

வயர் காற்றில் ஆடினாலும் பதிவு கெடும். சோழகம் வீசும் நாட்களில் பூநகரிப் பக்கம் இதை அனுபவித்துப் பார்க்கலாம். வயரை நிலத்தோடு அழுத்தி ஒட்டிவிடுங்கள்.

7. எப்போது அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

வெப்பநிலை மாறினால் மீடிறன் மாறும். சூடு ஏறும்போது தாரும் கொங்கிரீட்டும் சற்று இளகும், பாலம் விரிந்து முனைகளில் இறுகும். இரண்டும் எதிரெதிர் திசையில் இழுக்கலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அலமோசா கன்யன் பாலத்தில் 24 மணி நேரத்துக்குள்ளேயே முதல் மீடிறன் ஏறத்தாழ 5 சதவீதம் மாறியது. பாலத்தில் எந்தப் பழுதும் ஏற்படவில்லை, வெயில்தான் காரணம்.

அதே மாநிலத்தில் 1993இல் இடிப்பதற்கு முன் ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தின் இரும்பு வளையை வேண்டுமென்றே படிப்படியாக வெட்டி அளந்தார்கள். முதல் வெட்டுகளில் மீடிறன் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியது கூட. வளையின் அடித்தட்டு முழுதாக அறுந்த கடைசி வெட்டில்தான் முதல் மீடிறன் ஏறத்தாழ 7 சதவீதம் இறங்கியது. கடுமையான பழுதும் ஒரு நாள் வெயிலும் எண்ணில் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதை இந்த இரண்டு பாலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

எனவே விடியற்காலையில் அளவுங்கள். இரவு முழுவதும் ஆறிய தளத்தில் மேலும் கீழும் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் கொங்கிரீட் வெப்பநிலையை எழுதுங்கள். முதல் தடவை மட்டும் விடிய, மத்தியானம், பின்னேரம் என்று முழு நாளும் எடுத்து, மீடிறனை வெப்பநிலைக்கு எதிராக வரைந்து வையுங்கள். பிறகு எந்த நாள் அளந்தாலும் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கலாம்.

திணிவும் மாறும். வீதிக்கு மேலே புதிதாகத் தார் போட்டிருந்தால் பாரம் கூடி மீடிறன் இறங்கும். வாய்க்காலில் தண்ணீர் உயர்ந்தால் தூணோடு சேர்ந்து தண்ணீரும் ஆடும், அப்போதும் இறங்கும். நீர் மட்டத்தை ஒவ்வொரு தடவையும் குறியுங்கள். மாரியில் நனைந்த மண் கோடையில் காய்ந்த மண்ணை விட இளகியது. கார்த்திகையில் எடுத்ததை ஆனியில் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள், அடுத்த கார்த்திகை வரை பொறுங்கள்.

8. பதிவு எடுத்தல்

எவ்வளவு நேரம் என்பதற்கு நல்ல விதி ஒன்று உண்டு: ஆயிரம் முதல் இரண்டாயிரம் அலைவு காலம் (ஒரு முழு ஆட்டத்துக்கு எடுக்கும் நேரம் ஓர் அலைவு காலம்). ஆறு ஹேர்ட்ஸ் பாலத்துக்கு ஆறு நிமிடத்துக்குள் முடியும். நாங்கள் பத்து நிமிடம் எடுப்போம்.

ஒரு டிப்பரை ஓடவிட்டு அது போனபின் வரும் ஆட்டத்தை மட்டும் எடுத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆறு ஹேர்ட்ஸில், 2 சதவீதத் தணிப்போடு (ஆட்டம் எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதன் அளவு) ஆடும் பாலம் நான்கு, ஐந்து செக்கனில் ஓய்ந்துவிடும். ஐந்து செக்கன் பதிவில் 0.2 ஹேர்ட்ஸை விட நெருக்கமாகப் பிரித்துப் பார்க்க முடியாது. ஆறில் அது 3 சதவீதம். நாம் தேடுவதே அந்த அளவு மாற்றத்தைத்தான்.

டிப்பர் பாலத்தின் மேல் நிற்கும்போது எடுத்த பகுதியைப் பயன்படுத்தவே வேண்டாம். மணல் ஏற்றிய வாகனத்தின் பாரம் சிறிய பாலத்தின் திணிவோடு சேர்ந்து மீடிறனை மாற்றிவிடும். எந்த நேரம் எந்த வாகனம் போனது என்று ஒருவர் கொப்பியில் எழுதிக்கொண்டே இருக்கட்டும். அந்தக் கொப்பி இல்லாத பதிவைப் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

ஒரே காலையில் குறைந்தது பத்துப் பதிவுகள் எடுங்கள். எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று தெரியாமல் ஒரு மாற்றம் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியாது.

9. வரைபாக்குதல்

பத்து நிமிடப் பதிவை முப்பது செக்கன் துண்டுகளாக, பாதிக்குப் பாதி மேற்படிய வெட்டுங்கள். 39 துண்டுகள் வரும். ஒவ்வொன்றையும் அதன் இரு ஓரங்களையும் மெல்ல அடக்கும் ஹான் சாளரத்தால் பெருக்கி, ஆட்டத்தை மீடிறன்களாகப் பிரிக்கும் ஃபூரியர் உருமாற்றம் செய்து, சராசரி எடுங்கள். பைத்தன் கணினி மொழியின் சைபை நூலகத்தில் வெல்ச் என்ற ஒரே கட்டளை இதையெல்லாம் செய்யும். சராசரி எடுப்பது தற்செயலான இரைச்சலை அடக்க, சாளரம் துண்டின் வெட்டிய ஓரங்கள் பொய்யான உச்சி காட்டாமல் இருக்க.

கைபேசித் தரவில் மாதிரிகளுக்கு இடையிலான நேரம் சீராக இருக்காது. உருமாற்றத்துக்கு முன் அதைச் சீரான இடைவெளிக்கு மாற்றுங்கள்.

இனி உச்சிகளைப் பாருங்கள். பாலத்தின் உச்சிக்கு அகலம் இருக்கும். ஊசி போலக் கூரான உச்சி பெரும்பாலும் இயந்திரம். இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதில் ஓடும் சாதாரணத் தண்ணீர் மோட்டார் அதன் வகையைப் பொறுத்து 24 அல்லது 48 ஹேர்ட்ஸ் அளவில் ஊசி போடும். மோட்டாரை நிறுத்தச் சொல்லி மறுபடி அளந்தால் ஊசி மறையும். பாலத்தின் உச்சி மறையாது.

10. ஒப்பிடுதல்

இப்போதுதான் பழைய எண்ணை எடுக்க வேண்டும். மீடிறன் விறைப்பின் வர்க்கமூலத்தோடு போகும். முன்பு 6.00, இப்போது 5.70 என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 சதவீத இறக்கம் ஏறத்தாழ 10 சதவீத விறைப்பு இழப்பு. இது முழுப் பாலத்துக்குமான கணக்கு. ஓர் இடத்தில் மட்டும் ஆழமான வெடிப்பு இருந்தால் இறக்கம் மிகச் சிறிதாகத்தான் தெரியும். ஆகவே "மாறவில்லை" என்பதை "பழுதில்லை" என்று எழுதாதீர்கள்.

முதல் நாளின் பத்து எண்களுக்குச் சராசரியும், அதைச் சுற்றி அவை சிதறும் அளவான நியம விலகலும் காணுங்கள். வெப்பநிலையைத் திருத்திய பிறகும் புதிய எண் மூன்று நியம விலகலுக்கு வெளியே நின்றால் மட்டுமே கவனிக்க வேண்டியது. அப்போதும் மறுநாள் காலை போய்த் திரும்ப அளவுங்கள்.

எந்த மீடிறன் இறங்கியது என்பதிலிருந்து இடத்தை ஊகிக்கலாம். நடுவில் பழுதானால் முதலாவது இறங்கும், இரண்டாவது அசையாது. காற்பங்கில் பழுதானால் இரண்டாவதே கூடுதலாக இறங்கும். ஆனால் இடது காற்பங்கா வலது காற்பங்கா என்று மீடிறனால் சொல்ல முடியாது. அதற்கு அதிர்வு வடிவத்தை அளந்திருக்க வேண்டும்.

மீடிறன் ஏறினாலும் பழுதாக இருக்கலாம். விரிவு இடைவெளியில் மணல் அடைத்து இறுகினால், அல்லது இறப்பர் தட்டு கல்லாகிவிட்டால், பாலத்தின் முனை அசைய முடியாமல் விறைக்கும். ஏறிய எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

தணிப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வெடித்த கொங்கிரீட்டில் தணிப்புக் கூடுவது உண்மைதான், ஆனால் அளவீட்டில் அது சிதறும் அளவு அந்த மாற்றத்தை விழுங்கிவிடும்.

11. தண்ணீர்த் தாங்கிக்கு வேறு என்ன

ஒழுங்கு அதேதான். தாங்கியின் மேல்விளிம்பில் கிடையாக, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் உணரி வையுங்கள். ஏணியிலோ குழாயிலோ கட்டாதீர்கள். தாங்கி மெதுவாக ஆடும், மீடிறன் ஒரு ஹேர்ட்ஸ் அளவிலானால் அரை மணி நேரமாவது பதிவு வேண்டும். காற்றே ஆட்டிவிடும்.

நீர் மட்டம் ஒவ்வொரு தடவையும் ஒரே குறியில் இருக்க வேண்டும். திணிவில் பெரும்பங்கு தண்ணீர்தான். பம்பு ஓடாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே தளம்புவதற்கும் ஒரு மீடிறன் உண்டு. எட்டு மீற்றர் விட்டமும் மூன்று மீற்றர் ஆழமும் உள்ள தாங்கியில் அது 0.3 ஹேர்ட்ஸ் அளவில் வரும். அதைத் தூண்களின் ஆட்டம் என்று எடுத்துவிடாதீர்கள்.

சமச்சீரான தாங்கியில் இரண்டு திசை மீடிறன்களும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். முன்பு ஒட்டியிருந்தவை இப்போது பிரிந்து நின்றால், ஒரு பக்கத் தூணையோ அதன் அத்திவாரத்தையோ போய்ப் பாருங்கள்.

12. சந்தேகம் உறுதியானால்

வரைபு, வெப்பநிலை, நீர் மட்டம், வாகனக் கொப்பி, வெடிப்புத் தாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாலத்துக்குரிய அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, கொடுத்த திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். பாலத்தை மூடுவதா, பாரத்தை மட்டுப்படுத்துவதா என்பது தகுதி பெற்ற பொறியியலாளரின் தீர்மானம். தூண் சரிந்திருப்பதோ வெடிப்பு வாய் பிளப்பதோ கண்ணுக்கே தெரிந்தால் அளந்துகொண்டு நிற்க வேண்டாம், உடனே அறிவித்து ஆட்களை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பழைய எண் எதுவும் இல்லாத பாலமா? வன்னியில் அனேகமானவை அப்படித்தான். அப்படியானால் இன்று எடுப்பதுதான் அதன் முதல் எண். ஒரே அச்சில் வார்த்த பக்கத்துத் தளத் தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஒரே நீளமான மூன்று தட்டுகளில் ஒன்று மட்டும் விலகி நின்றால் அது போதுமான சந்தேகம். உணரி வைத்த இடங்களுக்கு மை அழியாதபடி குறியிட்டு, படம் எடுத்து, கோப்பின் இரண்டு பிரதிகளை இரண்டு இடங்களில் வையுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் முதல் அளவீட்டை முடித்துவிட்டால், வெள்ளம் வடிந்தபின் நீர் மட்டம் பழைய குறிக்கு இறங்கி மண்ணும் காயும் வரை பார்த்திருந்து, அதே குறிகளில் முதலில் தூண் தலையிலிருந்து தொடங்குங்கள்.